திருப்பூரின் இரண்டு சிவப்பு வெற்றிகள்

1984 சட்டமன்றத் தேர்தலில் திருப்பூர் தொகுதியில் வென்றவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன். 2019 மக்களவைத் தேர்தலில் திருப்பூரில் வென்றவரும் அதே சுப்பராயன்தான். ஆள் மாறவில்லை, கட்சி மாறவில்லை, கதிர் அரிவாள் சின்னமும் மாறவில்லை. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். சாதாரண மக்கள் ஒரு கட்சியைத் தங்கள் கட்சி என்று நினைக்கிறார்களா என்று கேட்பவர்கள், இந்த இரண்டு வெற்றிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையோ என்று தோன்றும்.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1984இன் திருப்பூர் தொகுதி என்பது நகரமும் அதை ஒட்டிய பனியன் கம்பெனிப் பகுதிகளும். 2008 மறுவரையறையில் உருவான திருப்பூர் மக்களவைத் தொகுதியோ பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம் ஆகியவற்றையும் திருப்பூர் வடக்கு, தெற்கையும் சேர்த்தது. மஞ்சள் காடும் கரும்புத் தோட்டமும் அதில் பாதிக்கு மேல். ஆகவே எத்தனை வாக்கு என்பதை இங்கே எடைபோடவில்லை. அந்த வாக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பனியன் தொழிலாளிக்கு 1984 பஞ்சப்படி ஆண்டு. விலைவாசி ஏறினால் அதற்கேற்பக் கூலியும் ஏற வேண்டும் என்று கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இந்த ஊரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை கைக்கு வரும். மளிகைக்கடைப் பாக்கி, பிள்ளைக்கு மருந்து, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்தக் கவரை நம்பித்தான். 127 நாள் என்றால் பதினெட்டுச் சனிக்கிழமை அந்தக் கவர் வரவில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கையிருப்பு என்று எதுவும் இல்லாத குடும்பங்கள் பதினெட்டுச் சனிக்கிழமைகளைத் தாண்டியிருக்கின்றன. உண்டியல் குலுக்கியும், கூட்டத்துக்குப் போயும், ஊர்வலத்தில் நடந்தும் கழிந்த அந்த நாட்களில் செங்கொடி என்பது ஏதோ ஒரு கட்சியின் கொடியாக இருந்திருக்க முடியாது. அது தெருவின் கொடியாக இருந்திருக்கும்.

அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி தேர்தல். மாநிலம் முழுவதும் வீசிய அலை வேறு. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். ஒரு கூட்டத்தில்கூடப் பேசாமல் ஆண்டிபட்டியில் வென்றார். அதிமுகவுக்கு 132 இடங்கள், கூட்டணிக் காங்கிரசுக்கு அறுபதுக்கு மேல், திமுகவுக்கு 24. இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாநிலம் முழுவதும் கிடைத்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று திருப்பூர். அதே நாளில் நடந்த மக்களவைத் தேர்தலில், திருப்பூரும் உள்ளடங்கிய கோவைத் தொகுதி காங்கிரசைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரே ஒரு பக்கம் சாய்ந்தபோது பனியன் நகரம் மட்டும் எதிர்த்து நின்றது.

இனி 2019. அந்த ஆண்டு அலையும் கூட்டணியும் ஒரே திசையில் போயின. தேர்தல் நடந்த தமிழகத் தொகுதிகளில் தேனி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் திமுக கூட்டணி அள்ளியது. திருப்பூரில் சுப்பராயன் 5 லட்சத்து 8 ஆயிரம் வாக்குகள் பெற்று, அதிமுகவின் எம்.எஸ்.எம். ஆனந்தனை 93 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பணமதிப்பிழப்பும் சரக்கு சேவை வரியும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்களையும் சிறு கம்பெனிகளையும் படுத்திய பாடு இந்த வாக்குக்குள் இருக்கிறது. 2016 நவம்பரில் வாரச் சம்பளம் கொடுக்கச் சில்லறை நோட்டுக்கு அலைந்த ஊர் இது. கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபம் கம்யூனிஸ்ட் கட்சியைத் தன் கட்சியாக வரித்துக்கொண்டதா?

அதற்கு விடை 2014இல் இருக்கிறது. அந்தத் தேர்தலில் இடதுசாரிகள் இரண்டு கழகங்களோடும் சேராமல் தனித்து நின்றார்கள். திருப்பூரில் வேட்பாளர் இதே சுப்பராயன்தான். கிடைத்தது 33 ஆயிரத்துச் சொச்சம், நூற்றுக்கு மூன்று. ஐந்தாவது இடம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த 33 ஆயிரம் 5 லட்சமானது. ஐந்து ஆண்டில் நாலே முக்கால் லட்சம் பேர் கம்யூனிஸ்டுகள் ஆகிவிடவில்லை. உதயசூரியன் வீடுகள் கதிர் அரிவாளுக்குப் பொத்தானை அழுத்தின. பிரச்சாரத்தின்போது கூட்டணிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்த முக்கியமான வேலையே, இந்த முறை மெஷினில் சூரியன் இருக்காது, கதிரைத் தேடுங்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். கட்சிப் பிடிப்பு என்பதைப் பற்றிப் பேசும்போது நான் இதைத்தான் வியக்கிறேன். தன் சின்னத்தின்மீது இருக்கும் பிடிப்பு எவ்வளவு உறுதியாக இருந்தால், தலைமை சொன்ன ஒரே காரணத்துக்காக இன்னொரு சின்னத்துக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்க முடியும்! 2019இல் கட்சிப் பிடிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் வென்ற கட்சியின்மீது இருந்த பிடிப்பு அல்ல அது.

இதைச் சொன்னதும் தோழர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: 1984இலும் திமுக கூட்டணிதானே? ஆமாம், கூட்டணிதான். திருப்பூரின் ஒவ்வொரு இடதுசாரி வெற்றியும் ஏதோ ஒரு கழகத்தின் தோளில் ஏறி வந்ததுதான். 1989இலும் 2006இலும் மார்க்சிஸ்ட் கட்சியின் சி. கோவிந்தசாமி வென்றது திமுகவோடு சேர்ந்து. 1996இல் சுப்பராயன் வென்றதும் அப்படியே. 2011இல் திருப்பூர் தெற்கில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. தங்கவேல் வென்றது அதிமுகவோடு சேர்ந்து. 2016இல் இரண்டு கழகங்களையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியாக நின்றபோது மாநிலம் முழுவதும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் ஓர் இடம்கூட இல்லை. ஆனாலும் 1984 வேறு. அன்று தோள் கொடுத்த கழகமே ஆற்றில் அடித்துப் போய்க்கொண்டிருந்தது. மூழ்குகிறவர் தோளில் ஏறி யாரும் கரை சேர முடியாது. திருப்பூரில் கரை சேர்த்தது வேறு ஒன்று, அது பதினெட்டுச் சனிக்கிழமைகள் என்பதே என் முடிவு.

இந்த இடத்தில் இன்னொரு 1984ஐயும் நினைவுபடுத்த வேண்டும். கொங்கு விவசாயிகளின் மின்கட்டணப் போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அந்தப் போராட்டங்களில் எழுந்து வந்த விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டால் மாட்டுவண்டிகள் கோவையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதே நாயுடு 1982இல் சங்கத்தின் பலத்தை நம்பி ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கினார். ஆனால் பச்சைத்துண்டு போட்டுக்கொண்டு சாலையில் உட்கார்ந்த அதே விவசாயி வாக்குச்சாவடிக்குள் போனதும் இலையையோ சூரியனையோ கையையோ தேடினார். 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தலுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, பிரச்சாரத்துக்குப் போன இடத்தில் கோவில்பட்டியில் நாயுடு இறந்தார். திருப்பூர் தொழிலாளியின் சங்கம் வாக்காக மாறிய அதே வாரத்தில், பக்கத்துக் காட்டு விவசாயியின் சங்கம் வாக்காக மாறவில்லை. விவசாயிகள் சங்கத்தைக் கைவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சங்கத்தை ஒரு வேலைக்கும் கட்சியை இன்னொரு வேலைக்கும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை திருப்பூரில் அன்றாடம் கண்ணில் படும். பனியன் தொழிலில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சம்பளப் பேச்சுவார்த்தையைப் பாருங்கள். மேசைக்கு ஒரு பக்கம் உற்பத்தியாளர் சங்கங்கள். மறுபக்கம் சிஐடியு, ஏஐடியுசி, தொமுச, அண்ணா தொழிற்சங்கம், ஐஎன்டியுசி, எச்எம்எஸ், எம்எல்எஃப், பிஎம்எஸ். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் கட்சிகளின் சங்கங்கள், ஒரே கோரிக்கைப் பட்டியலோடு தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும். 2021இல் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு என்று கையெழுத்தானது அப்படித்தான். அந்த மேசைக்கு வெளியே நிற்கும் தொழிலாளியின் சட்டைப்பையில் சிவப்புச் சங்க அட்டை இருக்கலாம். வீட்டு வாசலில் இரட்டை இலைக் கோலம் இருக்கலாம். அவரிடம் இதில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லிப் பாருங்கள், உங்களைத்தான் விநோதமாகப் பார்ப்பார். செட்டில்மெண்ட் வாங்க, போனஸ் கேட்க, மெஷினில் விரல் போனால் ஈஎஸ்ஐக்கு அலைய ஒரு இடம். ஓட்டுப்போட வேறு இடம்.

"எங்கூட்ல எல்லாமே இலைதானுங்க" என்று சொல்லும் குடும்பங்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருக்க மாட்டார்கள், கூட்டத்துக்குப் போக மாட்டார்கள், வட்டச் செயலாளர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் இலை. 1960இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க வாக்காளரைப் பற்றி எழுதிய நூலில் சொன்னது இதைத்தான்: கட்சிப் பற்று என்பது கொள்கையை ஆராய்ந்து எடுக்கும் முடிவு அல்ல, பெற்றோரிடமிருந்து மதத்தைப்போல வந்து சேர்வது. அங்கே மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அது கூடவே வரும் என்றால், இங்கே திண்டுக்கல்லிலிருந்து திருப்பூருக்கு வராதா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் உட்கார்ந்தவர்கள் ஏராளம். 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாகப் போட்டியிட்டு வென்ற மண் திண்டுக்கல். அந்த ஊர்க்காரர்கள் பெட்டியோடு சின்னத்தையும் கொண்டுவந்தார்கள் என்றால் மிகையாகாது. அதிமுக தொடங்கி ஐம்பது ஆண்டுகளை நெருங்கிய நிலையிலும், ஜெயலலிதா மறைந்து கட்சி பலமுறை உடைந்த பிறகும், 2021இல் திருப்பூர் வடக்கு இலைக்குத்தான் விழுந்தது. தோற்றவர், திமுக கூட்டணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர். பனியன் கம்பெனிகள் நெருங்கி நிற்கும் தொகுதி அது. இரண்டே ஆண்டுக்கு முன் மக்களவையில் செங்கொடி வென்ற அதே மண்.

1984இன் சிவப்பு ஏன் நிலைக்கவில்லை? கட்சிகள் செய்த தவறுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஒரே கூரைக்குக் கீழ் நிட்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாம் நடந்த கம்பெனிகள் இருந்தன. வாசலில் கொடிக்கம்பம் நட்டால் உள்ளே போகும் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, குறிப்பாக ஏற்றுமதி பெருகிய காலத்தில், வேலை உடைந்து சிதறியது. துணி ஒரு இடத்தில் ஓடும், சாயம் இன்னொரு இடத்தில் ஏறும், வெட்டிய பீஸ் கட்டுக்கட்டாக ஜாப் ஒர்க்குக்குப் போகும். பத்து மெஷின் போட்ட பவர் டேபிளில் டெய்லர்கள் பீஸ் ரேட்டுக்குத் தைப்பார்கள். ரேட் பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமை வேறு கம்பெனி. நேற்றைய டெய்லர் இன்றைக்கு நாலு மெஷின் வாங்கிப் போட்டு முதலாளி. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில், திருப்பூரில் தொழிலாளியாயிருந்து முதலாளியான கவுண்டர்களின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். உழைப்பே முதலாக மேலே வந்தோம் என்று பெருமைப்படும் ஊரில், தொழிலாளி தன்னை நிரந்தரத் தொழிலாளியாகவே நினைத்துக்கொள்வதில்லை. நாளை முதலாளியாகப் போகிறவருக்கு இன்றைய வர்க்கக் கட்சி எப்படிச் சொந்தக் கட்சியாகும்?

முதலாளிகளின் கதையை நீட்ட வேண்டியதில்லை. தனிப்பட்ட முறையில் அவரவருக்கு ஒரு கட்சி உண்டு. ஆனால் அவர்களின் சங்கங்கள் எந்தக் கொடியையும் ஏற்றுவதில்லை, ஆட்சிக்கு வரும் எல்லோருக்கும் மனுக் கொடுக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அவர்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் ஒரே வேகத்தில் போனார்கள். நாற்பதாயிரம் கோடி ரூபாயை நெருங்கும் ஏற்றுமதி கையில் இருந்தால் கட்சி தேவைப்படுவதில்லை, கதவு திறந்தால் போதும்.

கதவும் இல்லாத, கட்சியும் இல்லாத ஒரு கூட்டம் இன்று இந்த ஊரில் இருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள். என் ஒப்பீட்டில் இவர்களைச் சேர்க்காவிட்டால் 2019ஐப் பற்றி நான் சொன்னது பாதிப் பொய்யாகிவிடும். ஏனென்றால் 1984இல் கம்பெனிக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தொகுதியிலோ பக்கத்துத் தொகுதியிலோ வாக்காளர்கள். 2019இல் கம்பெனிக்குள் இருந்த பெருங்கூட்டத்துக்கு இங்கே வாக்கே இல்லை. 5 லட்சம் வாக்கு வாங்கிய கட்சி தொழிலாளர் கட்சிதான், ஆனால் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் அந்த வாக்கைப் போடும் இடத்தில் இல்லை. 2024இல் சுப்பராயன் ஒன்றேகால் லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மறுபடி வென்றபோதும் நிலைமை அதேதான்.

இவர்களுக்குச் சொந்த ஊரில் கட்சி உண்டு. இங்கே கொண்டுவர முடியாத கட்சி. 2025இல் தீபாவளியும் சட் பூஜையும் அக்டோபரில் முடிய, நவம்பர் 6லும் 11லும் பீகாரில் தேர்தல். ஓட்டுப்போட்டுவிட்டே திரும்பலாம் என்று ஊரில் தங்கினால் போகும் வாரச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்காமல் யாராலும் முடிவெடுக்க முடியாது. இருக்கும் இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட முனைந்தது. எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை. அவற்றின் சந்தேகங்களில் நியாயம் உண்டு, ஆனால் அதற்குப் பதிலாக வேறு எந்த வழியையும் யாரும் வைக்கவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வடமாநிலத்தவர் பெயர் இங்கே ஏறிவிடுமோ என்ற பேச்சுத்தான் மேலோங்கி நின்றது. எனக்கு இது வலிக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து இலையைக் கொண்டுவந்தவருக்கு இந்த ஊர் ரேஷன் அட்டையும் ஓட்டும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. பாட்னாவிலிருந்து வந்தவர் பத்து வருடம் தைத்தாலும் விருந்தாளி.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. திருப்பூரில் தொழிலாளர்கள் பயந்துபோய் ரயில் நிலையத்துக்கு மூட்டையோடு வந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகளையே அனுப்பி விசாரித்தது. அந்த நாட்களில் அவர்களிடம் இந்தியில் பேசி நம்பிக்கை கொடுக்க முன்னால் நின்றவை காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும், ஆள் போய்விட்டால் ஆர்டர் முடியாதே என்று தவித்த கம்பெனிகளும். வார்டில் ஐந்நூறு வாக்கு இருக்கும் ஒரு தெருவுக்கு இப்படி நேர்ந்திருந்தால், பொழுது விடிவதற்குள் எல்லாக் கட்சியின் வட்டச் செயலாளரும் வந்து நின்றிருப்பார். 1984இல் சங்கம் பதினெட்டு வாரம் தெருவோடு தெருவாக நின்று சம்பாதித்த உரிமைதான் அந்த டிசம்பரில் வாக்காக வந்தது. அந்த வேலையை இந்தத் தொழிலாளர்களிடம், அவர்கள் மொழியில், அவர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளின் வாசலில் தொடங்கியிருக்கும் சங்கக்காரர்கள் சிலர் உண்டு. தங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டுக்கூட வராது என்று தெரிந்தேதான் அவர்கள் போகிறார்கள்.